லாபம், ரெண்டு, மூணு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், என் வயதுக்காரிகளே: நான் தோற்கவில்லை.

எதற்கு இவள் இப்படி ஆரம்பிக்கிறாள் என்று கேட்பீர்கள். போன மாதம் ஓமலூர் தாண்டி ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். ஏலக்காய் மாலை போட்டார்கள், கழுத்து அரித்தது. மைக்கில் பேசிய வாத்தியார் என்னைத் "தொழில்நுட்பத் தொழில்முனைவோர்" என்றார். அந்த வார்த்தையை மென்று விழுங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "பள்ளிக்கூடம் போகாமலே சாதித்தவர்" என்றும் சொன்னார். அப்போதுதான் கைதட்டல் பலமாக இருந்தது. நான் படிக்காததில் அவர்களுக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் தாள் வைத்திருந்தாள். பாதி இங்கிலீஷ், பாதி புத்தகத் தமிழ்.

"மேடம், உங்களுடைய ஃபர்ஸ்ட் ஃபெயிலியர் எது? அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

எனக்கு முன்னால் பேசிய இரண்டு ஆண்களும் தாங்கள் தோற்ற கதையைத்தான் அரைமணி நேரம் சொன்னார்கள். தோல்வி இப்போது கழுத்தில் போடும் சங்கிலி மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

"நான் தோக்கல சாமி," என்றேன். "தோத்துட்டேன்னு சொன்னாங்க. அது வேற."

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்குள் நேரமாகிவிட்டது என்று மைக் கைமாறிப் போனது. அங்கே சொல்லாமல் வந்ததை உங்களிடம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடும் நாலாம் வகுப்போடும் நின்றுபோனவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் எதையும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவளாக ஏதாவது அழகு பண்ண வந்தால் கையைத் தட்டிவிடுகிறேன்.

எங்கள் கடலைக்காடு எடப்பாடிக்கு மேற்கே. நடந்தால் முக்கால் மணி நேரம். எழுபதுகளில் ஒரு வருடம் ஆடியும் ஏமாற்றியது, ஐப்பசியும் ஏமாற்றியது. கிணற்றில் தண்ணீர் பாறையோடு ஒட்டிக்கொண்டது. மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தும். அப்பா ஓடிப்போய் நிறுத்துவார். கடலைக்கொடி மண்ணிலேயே சுருண்டது. வீட்டில் கறவையில் இருந்தது ஓர் எருமைதான். பதினோரு வயதில் அந்தப் பாலைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு எடப்பாடியில் மூன்று வீடுகளுக்கு ஊற்றப் போவது என் வேலை. போசியின் கைப்பிடி விரலில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. போசி இல்லை.

மூன்றாவது வீடு அட்டைக்காரர் வீடு. அவர் சேலம் டவுனிலிருந்து வந்தவர், நெசவுக் குடும்பம். சேலைக் கரையில் கிளி, மாங்காய், தேர் என்று உருவம் வரவேண்டுமானால் தறிக்கு மேலே ஒரு பெட்டி வைப்பார்கள். ஜக்கார்டு என்பார்கள். அந்தப் பெட்டிக்கு எந்த நூலைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்வது அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் கிடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் அதைக் குத்தத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தறிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் மாவுப் பசை வாசம் அடிக்கும். உத்தரத்திலிருந்து கயிற்றில் கோர்த்த அட்டைகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். காற்று வந்தால் காய்ந்த சோளத்தட்டைப் போலச் சலசலக்கும். மேசைமேல் பாயளவுக்கு ஒரு கட்டத்தாள். கடுகளவு கட்டங்கள், அதில் சிவப்பு மை பூசிப் பூசிக் கிளி வரைந்திருக்கும். அவர் மனைவி பாலை ஊற்றிக்கொண்டு போசியைக் கழுவித் தருகிற நேரம் நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுத்து என்றால் எனக்கு ஒன்றோடு ஒன்று கட்டிப்புரண்டு கிடக்கும். கட்டம் அப்படியில்லை. தனித்தனியாக நின்று பேசும்.

ஒரு நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க, இந்தக் கிளிக்கு எடது கால்ல ரெண்டு கட்டம் விட்டுப்போச்சுங்க."

அட்டைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கிளியைப் பார்த்தார். வலது காலை எண்ணினார், இடது காலை எண்ணினார்.

"பால்காரப் பொண்ணே, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"கொஞ்சூண்டுங்க."

"எண்ணத் தெரியுமா?"

"களத்துல எங்கப்பாகூட எண்ணுவனுங்க. எத்தனை மூட்டைன்னாலும்."

அவருக்கு அட்டை படிக்க ஆள் வேண்டியிருந்தது. இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் கட்டத்தாளைப் பார்த்து, இந்த வரிசையில் எத்தனையாவது கட்டமெல்லாம் சிவப்பு என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மற்றவர் அந்த எண்ணுக்குரிய இடத்தில் குத்த வேண்டும். அதுவரை அவர் மனைவிதான் படித்தார். அந்த அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். குனிந்து கட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றியது. மழை வருகிற வரைக்கும் என்று சொல்லி அப்பா என்னை அனுப்பினார். மழை வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். காட்டுக்காரன் மகள் வேண்டக்கூடிய வேண்டுதலா அது? வேண்டினேன். பால் ஊற்றிவிட்டு வந்து வீட்டு ஆடுகளை மேய்க்கப் போவதைவிட அந்தத் தாளின் முன்னால் உட்காருவது எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

முதல் வேலையே பெரிய வேலை. ஒரு கல்யாணச் சேலைக்குக் கிளிக்கரை. ஒரு வரிசைக்கு நூற்றிருபது கட்டம். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. முந்நூறு அட்டைக்கு மேல். அவர் ஓட்டை ஓட்டையான இரும்புத் தகட்டின் நடுவே அட்டையைச் செருகுவார். நான் சொல்கிற இடத்தில் குத்தூசியை வைத்து மரச் சுத்தியால் ஓர் அடி. டக்.

"லாபம், ரெண்டு, ஏழு, எட்டு, பதினாலு…"

டக். டக். டக்.

உங்களுக்கு இங்கே எதையும் விளக்க வேண்டாம், தெரியும். களத்தில் படியால் அளக்கும்போது நாம் யாராவது முதல் படிக்கு ஒண்ணு என்று சொல்வோமா? ஒண்ணு என்றால் ஒண்ணோடு நின்றுபோகும் என்பாள் அம்மா. முதல் படி லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. எனக்கு எண்ணிக்கை வந்ததே அந்தக் களத்தில்தான். ஆகையால் முதல் கட்டம் சிவப்பாக இருந்தால் லாபம் என்றேன். அந்தக் கரையின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. அதனால் எல்லா வரிசையிலும் முதல் கட்டம் சிவப்பு. எல்லா வரிசையும் லாபத்தில் தொடங்கியது.

அட்டைக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. உள்ளே இருந்த மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்.

"கேட்டியா? வரிசைக்கு வரிசை நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆரம்பிக்குது. காட்டுப் பொண்ணுக்கு எவ்ளோ ஒழுங்கு பாரு!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் நூல் எடை போட்டு வாங்கி வளர்ந்த வீட்டுக்காரர், படியால் அளந்தவரில்லை. மண்டியில் லாபம் என்ற சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். அதைப் பிள்ளையார் சுழி மாதிரி ஒரு மங்கல வார்த்தை என்றே நினைத்திருந்தார். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லாபத்துக்கு மட்டும் டக் சத்தம் வரவில்லை. ஊசியை வைக்க நேரமாகிறது, ரெண்டோடு சேர்த்து அடிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினாறு நாள் இப்படிப் போயிற்று.

அட்டை தறிக்குப் போன மூன்றாம் நாள் தறிக்காரர் வந்தார். தோளில் ஒரு முழம் துணி. வாசலிலேயே அதை உதறினார்.

"யோவ், கரைக்கு ஓரக்கோடு எங்க? கிளி வந்திருக்குது, மாங்கா வந்திருக்குது, கோடு எங்கய்யா? முத நூலு எந்திரிக்கவே மாட்டேங்குது. அடியில தொங்குது, எருமை வாலாட்டம்!"

அட்டைக்காரர் துணியைப் பார்த்தார். இன்னும் தறிக்கு அனுப்பாமல் வீட்டில் கிடந்த மீதி அட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாவற்றிலும் முதல் இடம் மூடியே கிடந்தது. என் பக்கம் திரும்பினார்.

"முத கட்டத்தை நீ படிக்கவே இல்ல."

"படிச்சனுங்க."

"எங்க படிச்ச? பதினாறு நாள்ல ஒரு தடவையாச்சும் ஒண்ணுன்னு சொன்னியா?"

"ஒண்ணுன்னு சொல்லலீங்க. லாபம்னு சொன்னனுங்க."

தறிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லாபமாம்! எருமை மேய்க்கற புள்ளையக் கொண்டாந்து கட்டத்துக்கு முன்னால உக்கார வெச்சா லாபந்தான் வரும்! அட்டைய அடுப்புல போடு, வெந்நியாச்சும் காயட்டும்."

வாசலில் காத்திருந்த மற்றத் தறிக்காரர்களும் சிரித்தார்கள். பாருங்கள், பதில் அவர்கள் முன்னாலேயே நின்றது. நான் அதை வாய்விட்டுச் சொல்லியாயிற்று. சிரிப்புச் சத்தத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. லாபம்னா ஒண்ணுங்க என்று நான் மறுபடி சொல்வதற்குள், "நாளைக்கு உங்கப்பனை வரச்சொல்லு" என்று அட்டைக்காரர் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "அந்தாளுக்கு லாபங்கூடத் தெரியாதா?" என்று வாயைப் பிளந்தாள். அப்பா விதைக்கென்று வைத்திருந்த கடலையில் அரை மூட்டை கட்டினார். விடிந்ததும் துவைத்த துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: அப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். களத்தில் முதல் படியை லாபம் என்று கூவுகிற குரல் அப்பாவுடையதுதானே. அவர் சொன்னால் நம்புவார்கள்.

வாசலில் நேற்றைய தறிக்காரரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அப்பா மூட்டையை இறக்கி வைத்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. கடலை கொஞ்சம் கொண்டாந்திருக்கறனுங்க. நான் கூட்டிட்டுப் போயர்றேன்."

இதை இந்த வயதிலும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. தறிக்காரர் பேசியது எனக்கு வலிக்கவில்லை, அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா," என்றேன். "களத்துல மொதப் படிக்கு என்னன்னு சொல்லுவீங்க?"

"பேசாம இரு அம்மிணி."

"சொல்லுங்கப்பா."

"வாய மூடறயா இல்லியா?"

அட்டைக்காரர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "போங்க காட்டுக்காரரே, பரவால்ல. சின்னப் பொண்ணு. என் புத்தியச் சொல்லணும்," என்றார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனால், ஆயுசுக்கும் அந்தத் தப்பு என்னுடையதாகிவிடும். அந்த வயதில் இவ்வளவு வார்த்தையாக நினைத்திருக்க மாட்டேன். உடம்பு முழுக்க அது தெரிந்தது.

நேரே அடுப்படிக்குப் போனேன். அரிசிப் பானைமேல் இருந்த இரும்புப் படியை எடுத்தேன். "ஏய், என்னா பண்ற?" என்று அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வாசலில் மூட்டை வாயை அவிழ்த்தேன். படியைக் கடலைக்குள் விட்டு, தலை கட்டி எடுத்து, தரையில் கொட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாவையே பார்த்தேன்.

அளக்கிற இடத்தில் முதல் படி ஊமையாக விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. அப்பா அடக்கித்தான் பார்த்தார். முடியவில்லை.

"லாபம்," என்றார்.

அடுத்த படியைக் கொட்டினேன். "ரெண்டு," என்றார். கொட்டினேன். "மூணு." களத்துக் குரல் வந்துவிட்டது, அட்டைகள்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. "நாலு." "அஞ்சு."

படியைக் கீழே வைத்தேன். கர்ப்பிணி அம்மாவைக் கேட்டேன்.

"அக்கா, எத்தனை படி கொட்டியிருக்கறனுங்க?"

"அஞ்சு."

"நாலு இல்லீங்களா? லாபத்தையுமா சேத்துனீங்க?"

"அதைச் சேக்காம? அதுவும் ஒரு படிதானே…" என்றவர் பாதியில் நிறுத்தினார். புருஷன் பக்கம் திரும்பினார். "ஐயோ கடவுளே. நீ அந்த வார்த்தைக்குக் குத்தவே இல்லியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தறிக்காரர் தோளில் இருந்த துணியை எடுத்துப் பார்த்தார், ஏதோ அப்போதுதான் முதல் முறை பார்ப்பது போல. அட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா?" என்றார்.

"சொன்னனுங்க. சிரிச்சீங்க."

அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. "அட்டைய அடுப்புல போட வேண்டாமுங்க. எல்லாத்துலயும் மொத எடத்துல ஒரு ஓட்டை போட்டாப் போதும். கோடு வந்துரும். நானே போடறனுங்க," என்றேன்.

அதுவரை குத்தூசியை ஒரு பெண்ணும் தொட்டதில்லை. அவர் மனைவிகூடப் படித்ததோடு சரி. அந்த அம்மாதான் போய்க் குத்தூசியையும் மரச் சுத்தியையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

கயிறு அவிழ்த்து, தறியிலிருந்ததையும் வாங்கி வந்து, முந்நூறு அட்டைக்கும் முதல் ஓட்டையை நான்தான் போட்டேன். இரண்டு நாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து அட்டையில் ஒட்டியது. ஒவ்வோர் அடிக்கும் லாபம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்றுதான். மூன்றாம் நாள் தறியில் ஏற்றினார்கள். கோடு வந்தது.

ஓட்டை போட்ட முதல் நாள் மாலை வீட்டுக்குத் திரும்பும்போது, அதுவரை வாசலில் காத்திருந்த அப்பா முன்னால் நடந்தார். ஏரி மேட்டில் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"தெரிஞ்சுட்டே ஏனுங்கப்பா சொல்லல?"

"அவங்க பெரிய தொழில்காரங்க. மிசினு, கட்டம், கணக்குன்னு இருக்கறவங்க. நம்ம களத்துப் பேச்சைக் கொண்டுபோயி அங்க வெச்சா கேவலமாப் பாப்பாங்கன்னு இருந்துட்டேன்."

பயந்தார் என்றால்கூட எனக்கு ஆறியிருக்கும். வெட்கப்பட்டிருக்கிறார், பெற்ற பிள்ளையைவிட அந்த வெட்கத்தைப் பெரிதாக நினைத்து. அப்போது கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது பார்த்தால், அந்த வெட்கத்தை அவருக்கு யாரோ ஊட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. தெரிவதால் மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று மருமகள் கேட்கிறாள். வேண்டாம். அவர் சாகும்வரை சோறு போட்டேன், கால் பிடித்துவிட்டேன். அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் மன்னிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த டிசைன் தேர்க்கரை. அட்டைக்காரர் தகட்டில் அட்டையைச் செருகிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இனிமே ஒண்ணுன்னு சொல்லிடு. வம்பு வேணாம்."

"மாட்டனுங்க. லாபம்னுதான் சொல்லுவேன். நீங்க குத்தோணும்."

"உனக்கு இவ்ளோ திமிரு ஆகாது."

நான் முதல் வரிசையைப் பார்த்தேன். முதல் கட்டம் சிவப்பு.

"லாபம்," என்றேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், டக்.

அந்த மனிதர் அதற்கப்புறம் இருபது வருடம் இருந்தார். தப்பு தன்னுடையது என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அந்த ஒரு டக்கோடு நானும் விட்டுவிட்டேன்.

மழை அடுத்த ஆடியில் வந்தது. நான் ஆட்டுக்குத் திரும்பவில்லை. எண்பதுகளில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டேன். என்னைக் கட்டியவர் லாரி ஓட்டினார். சூரத்திலிருந்து வருகிற லோடில் காலால் மிதித்துக் குத்துகிற பழைய மெஷின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். "ஊட்டுக்குப் பீரோ கேட்டா இரும்புக் கழுதையக் கொண்டாந்திருக்கறீங்களே" என்று நான் திட்டினேன். திட்டிக்கொண்டே அன்றைக்கே ஏறி உட்கார்ந்தேன். எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எல்லோரும் காட்டுக்காரப் பெண்கள். எங்கள் கொட்டகையில் ஒண்ணு என்ற சொல்லே கிடையாது.

எண்பதுகள் முடிகிற சமயம் கோயம்புத்தூரில் ஒரு மெஷின் கண்காட்சிக்குப் போனோம். டிசைன் போடுகிற கம்ப்யூட்டர் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். டை கட்டிய பையன் என் வீட்டுக்காரரிடமே பேசிக்கொண்டிருந்தான். அவர் பாவம், கியர் எங்கே இருக்கிறது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடித் திரைக்குக் கிட்டே போனேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கட்டம். கடுகளவு கட்டம்.

"ஏனுங்க தம்பி, இதுல மொதக் கட்டம் எது?"

"இதும்மா. ஆனா மெஷின் இதை ஒண்ணுன்னு எண்ணாது. ஜீரோன்னு சொல்லும். அதெல்லாம் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதும் ஒண்ணுன்னு சொல்லாதா? எங்க களத்துலயும் சொல்ல மாட்டமுங்க தம்பி. இத எனக்கு நல்லாப் புரியும். ஆகற வேலையப் பாருங்க," என்றேன். அதை வாங்க நான் எதை எதை விற்றேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வாங்கினேன். இன்றைக்கு அட்டையே இல்லை. கம்பி வழியாகத் தறிக்கு உத்தரவு போகிறது. பழைய அட்டைகளைக் காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டேன். நினைவுக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை. அந்தக் குத்தூசி எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

இனி அந்தக் கல்லூரிக்கு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசைமேல் பெரிய புத்தகம் வைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை எழுத வேண்டுமாம். மேடையில் எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரில் ஒருவரான பெங்களூர்க்காரர் அரைப் பக்கம் இங்கிலீஷில் எழுதியிருந்தார். பேனாவை என் கையில் கொடுத்தார்கள்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. தோற்கப் பழகு என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு முன்னால் தோற்றது நீதானா என்று பார். உன் வீட்டுச் சொல்லை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதே. யாராவது சிரித்தால் ஒரு படியை எடுத்துக் கொட்டிக் காட்டு. இத்தனையும் எழுத எனக்குக் கை வராது. வருகிற ஒரு சொல்லை எழுத்து எழுத்தாக எழுதினேன். லாபம்.

கல்லூரியின் பெரிய வாத்தியார், பிரின்சிபால், எட்டிப் பார்த்தார். "அடடா! கரெக்டா சொல்லிட்டாங்க பாருங்க. கடைசியில எல்லாம் லாபம்தானே! பிசினஸ்காரங்கன்னா இப்படி இருக்கணும்!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். எடப்பாடியில் அந்த வாசலில் கேட்ட அதே சிரிப்பு. அங்கே கடலையும் இல்லை, படியும் இல்லை. இந்த வயதில் இவர்களுக்கு என்னத்தை அளந்து காட்டுவது என்று செருப்பைத் தேடினேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மேடைக்குக் கீழே கேட்ட இங்கிலீஷ் எங்கே போயிற்றோ.

"ஏனுங்கம்மா, இது துட்டு லாபம் இல்லீங்கதானே? களத்து லாபங்களா?"

"உனக்கெப்படித் தெரியும் சாமி?"

"எங்கூடு மல்லசமுத்திரத்துப் பக்கமுங்க. எங்கப்பா அப்படித்தான் அளப்பாருங்க. இங்க சொன்னா சிரிப்பாங்கன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

பெரிய வாத்தியார் என்ன, என்ன என்று கேட்டார். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நான் எழுதியதற்கு நேர் கீழே, பெரிய எழுத்தாக, "ரெண்டு" என்று எழுதினாள்.